ஆற்றோரமா, மேட்டு ஊரா? சரளைப் பாதைப் பயணத்துக்கு வழியும் வண்டியும்

ஆற்றங்கரையோரமாகச் சைக்கிளில் போகப்போகிறேன் என்று சொல்கிறவர்களின் மனத்தில் ஒரு படம் இருக்கும். சமதளம், மரநிழல், பக்கத்திலேயே தண்ணீர். முதன்முதலாக நான்கு நாள் பள்ளத்தாக்குப் பயணத்துக்குத் திட்டம் போட்டபோது என்னிடமும் அந்தப் படம்தான் இருந்தது. ஆறு கீழ்நோக்கித்தானே ஓடுகிறது, நாமும் அதன்கூடவே உருண்டு போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். முதல் நாள் 60 கி.மீ. முடிந்தபோது ஏறியிருந்த உயரம் ஆயிரம் மீட்டரைத் தாண்டியிருந்தது. நாள் முழுக்க ஆறு கண்ணில் பட்டுக்கொண்டேதான் இருந்தது. கீழே, வெகு கீழே.

அன்றைக்கு வண்டியைத்தான் திட்டினேன். கனம் அதிகம், டயர் சரியில்லை, இன்னும் நல்லதாக வாங்கியிருக்கலாம் என்றெல்லாம். திரும்பி வந்து வரைபடத்தில் சமவுயரக் கோடுகளைப் பொறுமையாக எண்ணிப் பார்த்தபிறகு விஷயம் பிடிபட்டது. நான் போனது ஊர்களின் வழி. பழைய ஊர்கள் ஆற்றை ஒட்டி உட்காருவதில்லை. மேட்டிலிருந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. இங்கே மேட்டூர் என்று நான் சொல்வது இப்படி மேட்டில் இருக்கும் ஊரைத்தான், அணைக்கட்டு மேட்டூரை அல்ல.

அப்போதிலிருந்து யார் "எந்தச் சைக்கிள் வாங்கலாம்?" என்று கேட்டாலும், "எவ்வளவு உயரத்தில் போகப்போகிறீர்கள்?" என்றுதான் திருப்பிக் கேட்கிறேன். உயரம் முடிவானால் கியர் முடிவாகும், கியரும் தரையும் முடிவானால் டயர் முடிவாகும், வண்டி அதற்கப்புறம்தான். பலருக்கு வண்டியே மாற்றவேண்டி வராது.

ஊர் ஏன் மேலே இருக்கிறது?

முதல் காரணம் வெள்ளம். அடுத்தது, படுகை நிலம் விளைச்சலுக்கு வேண்டும். அதில் வீடு கட்டி வீணாக்க யாருக்கும் மனம் வராது. மூன்றாவது காவல். பாலத்தையும் படகுத்துறையையும் மேலிருந்து பார்த்தால்தான் யார் வருகிறார்கள், எதைக் கொண்டுபோகிறார்கள் என்று தெரியும். பிரான்சின் லாட் ஆற்றின் மேலே சான் சிர்க் லப்போப்பி என்ற பழைய ஊர் ஏறக்குறைய 100 மீட்டர் உயரத்தில் பாறை விளிம்பில் நிற்கிறது. படத்தில் பார்க்க அழகு. ஆற்றங்கரையிலிருந்து சைக்கிளில் போகிறவருக்கு அது 100 மீட்டர் ஏற்றம்.

இதோடு நின்றால் பரவாயில்லை. பள்ளத்தாக்கின் நடுச்சரிவில் போகும் சாலை, வழியில் வந்து சேரும் ஒவ்வொரு ஓடைக்கும் இறங்கி ஏறவேண்டும். எட்டு ஓடை, ஒவ்வொன்றுக்கும் 70 மீட்டர் என்றால் 560 மீட்டர் அங்கேயே போய்விட்டது. வரைபடத்தில் அது ஒரு மலைபோலவே தெரியாது. ரம்பப் பல் மாதிரி தெரியும். ஆறு கொண்டைஊசி போல் வளையும் இடங்களிலோ பழைய சாலை ஆற்றோடு சுற்றாமல் கழுத்துப்பகுதியில் மேட்டைக் குறுக்கே தாண்டும். நடந்தும் குதிரையிலும் போனவர்கள் போட்ட குறுக்குவழி அது. மூட்டை கட்டிய சைக்கிளோடு போகிறவரை யாரும் அப்போது யோசிக்கவில்லை.

கீழ்வழி, நடுவழி, மேல்வழி

கீழ்வழி என்பது பெரும்பாலும் கைவிடப்பட்ட ரயில் தடமோ, கால்வாயில் படகுகளைக் கால்நடைகள் இழுத்துப்போன கரைப்பாதையோதான். அமெரிக்காவில் பொட்டோமக் ஆற்றை ஒட்டிப் போகும் செசபீக்–ஒஹாயோ கால்வாய்ப் பாதை இதற்கு நல்ல உதாரணம். கம்பர்லாண்டிலிருந்து வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் வரை 297 கி.மீ. மொத்த இறக்கம் 184 மீட்டர்தான்; அதையும் 74 மதகுப் படிகளாகப் பிரித்துக் கட்டியிருக்கிறார்கள். அதே கம்பர்லாண்டில் தொடங்கிப் பிட்ஸ்பர்க் வரை போகும் கிரேட் அலிகேனி பாசேஜ் ஒரு பழைய ரயில் தடம். சுமார் 240 கி.மீ. மிசௌரி ஆற்றங்கரையின் கேட்டி டிரெயிலும் ரயில் தடம்தான். ஏறக்குறைய 386 கி.மீ., சுண்ணாம்புக்கல் தூள் போட்டு இறுக்கிய தரை. ரயில் எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது, ஆகவே இந்தத் தடங்களில் சரிவு இரண்டு சதவீதத்தைத் தாண்டுவது அபூர்வம்.

இவ்வளவு சுகமான வழியில் என்ன குறை? உட்காரும் இடம்தான். மேடு வந்தால் எழுந்து நின்று மிதிப்போம், இறக்கத்தில் மிதிக்காமல் இருப்போம். உடம்புக்கு மாற்றம் கிடைக்கும். நாள் முழுக்கச் சமதளம் என்றால் ஆறு மணி நேரமும் ஒரே இருப்பு, ஒரே மிதி. கீழ்வழியில் பயணத்தைப் பாதியில் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கால் வலித்து விட்டவர்கள் குறைவு, சீட் வலித்து விட்டவர்கள்தான் அதிகம். இரண்டாவது குறை, ஆறு பொங்கினால் முதலில் போவது இந்தப் பாதைதான். 1993 வெள்ளத்தில் கேட்டி டிரெயிலின் பெரும்பகுதி சேதமானது. மூன்றாவது, ஊர்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே போய்விடுவோம்.

நடுவழி, ஊருக்கு ஊர் போகும் சின்னச் சாலைகள். கொஞ்சம் தார், கொஞ்சம் கப்பி, கொஞ்சம் மண். பார்க்கக் கிடைப்பதெல்லாம் இங்கேதான்: படிக்கட்டு வயல், கல் சுவர், ஒரு வண்டி அகலப் பாலம், ஊர்க்கிணறு. உடம்பைக் கேட்பதும் இந்த வழிதான். 60 கி.மீ.க்கு 900 முதல் 1,200 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

மேல்வழியைப் பலர் எண்ணியே பார்ப்பதில்லை. மலைமுதுகின் மேலே போகிற பாதை இரண்டு நீர்ப்பிடிப்புகளின் எல்லை. அங்கே ஓடை குறுக்கிடாது. அதனாலேயே மந்தை ஓட்டிப்போனவர்கள் காலங்காலமாக முகட்டு வழியைப் பிடித்திருக்கிறார்கள். ஏறும்வரைதான் கஷ்டம், ஏறிவிட்டால் நடுவழியின் பாதி உழைப்புதான். ஆனால் தண்ணீர் கிடைக்காது, காற்றுக்கு மறைப்பு கிடையாது, இடி மின்னல் வந்தால் ஒதுங்க இடமில்லை. வானிலை கெட்டிருக்கும் நாளில் நான் மேலே போகமாட்டேன்.

எனக்குப் பிடித்தது கலப்பு. கீழ்வழியை முதுகெலும்பாக வைத்துக்கொள்வேன். ஒரு நாளைக்கு இரண்டு மேட்டூர், அதற்குமேல் இல்லை. ஒரு சாலையில் ஏறி, ஊரை நிதானமாகப் பார்த்து, வேறு சாலையில் ஆற்றுக்கு இறங்கிவிடுவது. ஊருக்கு ஊர் நடுச்சரிவிலேயே போவதைவிட ஏற்றம் குறைவு, பார்ப்பது அதிகம். ஒரே மாதிரி ஐந்தாறு ஊரை ஒரே நாளில் பார்த்தால் மாலையில் எது எந்த ஊர் என்றே ஞாபகம் இருக்காது.

கியர்: இங்கேதான் பணம் போடவேண்டும்

சரளைச் சைக்கிள் (gravel bike; ரோடு சைக்கிள்போல் வளைந்த கைப்பிடியும் அதைவிட அகல டயரும் உள்ளது) என்றால் மேடு ஏற எளிய கியர் இருக்கும் என்று நம்பி வாங்குகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓட்டுநர் 75 கிலோ, வண்டியும் மூட்டையும் 20 கிலோ, சரிவு 12 சதவீதம். மிதி நிமிடத்துக்கு 60 சுற்றுக்குக் கீழே போனால் முட்டி சொல்லத் தொடங்கும். அதனால் 60 என்று வைத்துக்கொள்வோம்.

ரோடு சைக்கிளில் மிதியோடு சுற்றும் முன் பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் உள்ள பல்சக்கரத்தில் 34 பல் இருந்தால் அந்தச் சுழற்சியில் வேகம் மணிக்கு 7.8 கி.மீ.; அதற்கு ஏறக்குறைய 260 வாட் வேண்டும். முன்னால் ஒற்றைப் பல்சக்கரம் உள்ள சரளைச் சைக்கிளில் வழக்கமாக வரும் முன் 40, பின் 42 என்றால் 7.5 கி.மீ., 250 வாட். வித்தியாசம் அவ்வளவுதான்! முன்னால் இரட்டைப் பல்சக்கரம் உள்ளதில் 30-க்கு 34 இருந்தால் 7 கி.மீ., 235 வாட் அளவு. மலைச் சைக்கிளின் 32-க்கு 51 இருந்தால் 5.2 கி.மீ., 175 வாட்.

ஓரளவு பழகியவர் அரைமணி நேரம் தொடர்ந்து கொடுக்கக்கூடியது 150 முதல் 200 வாட் என்று கொண்டால், மேலே சொன்னவற்றில் கடைசி ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் இறங்கித் தள்ளத்தான் வேண்டும். அதுவும் மண் தரையில் எழுந்து நின்று மிதித்தால் பின் சக்கரம் வழுக்கும். உட்கார்ந்தபடியே ஏற முடிகிற கியர்தான் சரளையில் கியர்.

ஆகவே சரளைச் சைக்கிள் வைத்திருப்பவர் மேட்டூர்ப் பயணத்துக்கு முதலில் மாற்றவேண்டியது கேசட்டை, அதாவது பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கை. முன் 38, பின் 10 முதல் 52 வரை என்று போட்டால் அதே மேட்டில் 5.8 கி.மீ., 195 வாட் அளவுக்கு வந்துவிடலாம். இதற்கு மலைச் சைக்கிளின் பின் கியர்மாற்றி வேண்டும், சக்கரத்தின் நடுப்பகுதியும் அந்தக் கேசட்டை ஏற்கவேண்டும். கடையில் முதலிலேயே பொருந்துமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இழப்பு என்னவென்றால் ஒரு கியருக்கும் அடுத்ததற்கும் இடைவெளி பெரிதாகும். சமதளத்தில் குழுவோடு ஒரே வேகத்தில் போகிறவர்களுக்கு அது எரிச்சல் தரும். கீழ்வழி மட்டும் போகிறவருக்கு முன்னால் இரட்டைப் பல்சக்கரமே நல்லது என்பேன். சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோ நிறுவனம் 2019-ல் சரளைக்கென்றே கொண்டுவந்த ஜி.ஆர்.எக்ஸ். வரிசையில் இரண்டு வகையுமே உண்டு. மேட்டூர் வழிக்கு முன்னால் ஒற்றைப் பல்சக்கரமும் பின்னால் பெரிய கேசட்டும்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மூன்று வண்டிகள்

32 மி.மீ. டயர் ஏற்கும் ரோடு சைக்கிள் உங்களிடம் இருந்து, போவது ரயில் தடம் என்றால் புதிதாக எதுவும் வாங்கவேண்டாம். இறுக்கிய கல்தூள் தரையில் அது அழகாக ஓடும். டான்யூப் கரையில் ஜெர்மனியின் பாசாவிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை போகிற புகழ்பெற்ற பாதை பெரும்பாலும் தார்தான்; 2000-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த வாகவ் பகுதி, மெல்க் முதல் கிரெம்ஸ் வரை, அந்த வழியில்தான் வருகிறது. அங்கே 45 மி.மீ. டயரோடு போவது வீண் உழைப்பு. ஆனால் மழை பெய்தால் ரோடு சைக்கிளின் கதை மாறிவிடும். சட்டகத்துக்கும் டயருக்கும் இடையே வண்டல் அடைத்துக்கொண்டு சக்கரமே சுற்றாது.

மலைச் சைக்கிள், அதாவது முன் சஸ்பென்ஷன் மட்டும் உள்ளது, பலர் சேர்த்துப் பார்க்காத தேர்வு. கியர் ஏற்கெனவே சரியாக இருக்கிறது, அகல டயர் இருக்கிறது, இறக்கத்தில் பயமில்லை. குறை கைப்பிடி. நேர் கைப்பிடியில் நாள் முழுக்கக் கை ஒரே நிலையில் இருந்தால் உள்ளங்கை மரத்துவிடும். ஆற்றோர எதிர்க்காற்றில் குனியவும் முடியாது. முனையில் கொம்பு மாட்டிக்கொண்டு 50 மி.மீ. மென்முக டயர் போட்டால் மேட்டூர்ப் பயணத்துக்கு இதைவிட மலிவான விடை கிடையாது. வீட்டில் ஒன்று தூசி படிந்து நிற்குமானால், புதுச் சரளைச் சைக்கிளுக்கு முன் அதற்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள்.

சரளைச் சைக்கிள் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கலப்பு வழிக்கு அதுதான் என் தேர்வு: 60 கி.மீ.யில் 40 கி.மீ. வேகமாகப் போகலாம், மிச்சம் 20 கி.மீ. விழாமல் போகலாம். வாங்கும்போது பார்க்கவேண்டியது எடையை அல்ல. எவ்வளவு அகல டயர் நுழையும், கேசட் எதுவரை ஏற்கும், பை மாட்ட ஆணித்துளைகள் இருக்கின்றனவா என்பதை. பந்தயத்துக்கென்று செய்த வகைகளில் இந்த மூன்றுமே குறைவாக இருக்கும். உலகச் சரளைச் சாம்பியன் போட்டி 2022-ல் இத்தாலியில் தொடங்கியதிலிருந்து கடைகளில் அந்த வகை கூடிக்கொண்டே போகிறது. விளம்பரத்தில் சேறு தெறிக்கும், சட்டகத்தில் சேறு போக இடம் இருக்காது.

மின்துணைச் சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை. ஐரோப்பியச் சட்டப்படி மோட்டார் 250 வாட், மணிக்கு 25 கி.மீ.க்கு மேல் துணை நின்றுவிடும். மேலே போட்ட கணக்கைப் பார்த்தால் அந்த 250 வாட் மேட்டூர்களுக்கு என்ன அர்த்தம் என்று தெரியும். இருவரில் ஒருவருக்குக் கால்பலம் குறைவு என்றால் கூச்சப்படாமல் எடுக்கலாம். சார்ஜ் எங்கே கிடைக்கும் என்பதை மட்டும் முதலிலேயே பார்த்துவையுங்கள்.

டயர்: கல்லைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

சரளை என்று ஒரே சொல்லில் சொல்கிறோம், தரை ஒன்றல்ல. ஆற்றோரக் கூழாங்கல் உருண்டை; டயரைக் கிழிக்காது, ஆனால் கீழே உருண்டு சக்கரத்தைத் திருப்பிவிடும். அதற்கு அகலமும் குறைந்த காற்றும் வேண்டும். உடைத்த கப்பிக்கு முனை உண்டு. சக்கிமுக்கிக் கல் இருக்கும் நிலம் எல்லாவற்றையும்விட மோசம். அமெரிக்காவில் கேன்சஸின் ஃப்ளின்ட் மேடுகளில் 2006 முதல் நடக்கும் 200 மைல் பந்தயம், இன்றைய பெயர் அன்பவுண்ட், டயர் கிழிவதற்கே பேர்போனது. அந்த மேடுகளின் பெயரே அந்தக் கல்லால் வந்தது. அப்படிப்பட்ட இடத்தில் பக்கச்சுவர் தடித்த டயர்தான் வேண்டும், கனமாக இருந்தாலும்.

பொதுவாக 45 மி.மீ. என்று சொல்வேன். 75 கிலோ ஆள் டியூப்லெஸ்ஸில் 28 முதல் 32 பி.எஸ்.ஐ.க்குள் தொடங்கி, கல் விளிம்பில் ரிம் இடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே கூட்டலாம், குறைக்கலாம். ஒரு விதிவிலக்கு உண்டு. சட்டகம் அதிகபட்சம் 45 மி.மீ. ஏற்கும் என்று எழுதியிருந்து, போவது மழைக்காலப் படுகை மண் என்றால் 40 போடுங்கள். அகலத்தில் இழப்பது சேறு விழ இடமாகத் திரும்பக் கிடைக்கும்.

டியூபா, டியூப்லெஸ்ஸா? மேட்டூர் இறக்கத்தில் மூட்டையோடு வேகமாக ஒரு கல் விளிம்பை ஏறினால் டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் இரண்டு ஓட்டை விழும். டியூப்லெஸ்ஸில் நசுங்க டியூப் இல்லாததால் இந்த வகை பஞ்சர் அபூர்வம்; முள் குத்தினால் உள்ளே இருக்கும் திரவம் அடைத்துக்கொள்ளும். ஆனால் அந்தத் திரவம் சில மாதங்களில் காய்ந்துவிடும். போன வருடம் ஊற்றியதை நம்பிக் கிளம்பி, இரண்டாம் நாள் வழியோரம் உட்கார்ந்தவன் நான். கிளம்பும் வாரத்தில் புதிதாக ஊற்றுங்கள், ஒரு டியூபும் கிழிசலுக்கு உள்ளே வைக்கத் துண்டுப் பட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்வழி மட்டும் போகிறவருக்கு டியூபே போதும்.

கல் பாவிய பழைய தெருக்களுக்காக டயரை மாற்றவேண்டியதில்லை. நாள் முழுக்கக் கூட்டினாலும் அது இரண்டு கி.மீ. வராது. தலைமுறை தலைமுறையாகக் கால் பட்டு வழவழப்பான கல், நடுவே சாக்கடை ஓடை, மழை பெய்திருந்தால் சோப்பு மாதிரி இருக்கும். இறங்கி நடந்துவிடுங்கள், ஊரையும் பார்த்ததாக ஆகும். அதற்காகவே செருப்பு விஷயத்தில் நான் கறார்: ஷூவை மிதியோடு பூட்டும் கிளீட், ரோடு சைக்கிளுக்கான பெரிய பிளாஸ்டிக் வகையாக இருந்தால், அந்தக் கல்லில் நிற்கவே நிற்காது. ஷூவின் அடிப்பாகத்துக்குள் மறையும் சின்ன உலோகக் கிளீட், அல்லது சாதாரண ஷூவும் தட்டை மிதியும்.

மூட்டை பற்றி அதிகம் சொல்ல இல்லை. ரயில் தடத்தில் கேரியரும் இரண்டு பக்கப் பையும் வசதி. கப்பிச் சாலை இறக்கத்தில் அவை குதித்துக் கொக்கி கழலும், அங்கே சட்டகத்தோடு இறுக்கிக் கட்டும் பைகள்தான் அடங்கி இருக்கும். ஐந்து கிலோ குறைத்தால் அந்த 12 சதவீத மேட்டில் 13 வாட் மிச்சம். முன் சொன்ன கேசட் மாற்றம் தருவது 55.

ஆற்றின் திசையா, எதிர்த்திசையா?

எல்லோரும் ஆறு ஓடும் திசையிலேயே போக ஆசைப்படுகிறார்கள். கால்வாய்ப் பாதையின் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள்: 297 கி.மீ.க்கு 184 மீட்டர் என்றால் சரிவு 0.06 சதவீதம். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் அந்தச் சரிவு கொடுக்கும் உதவி மூன்று வாட். மணிக்கு 10 கி.மீ. எதிர்க்காற்று அடித்தால் அதே வேகத்துக்குக் கூடுதலாக 50 வாட்டுக்கு மேல் ஆகும். மலைப் பள்ளத்தாக்கில் வெயில் ஏறிய நாட்களில் சரிவுகள் சூடாகி, முற்பகலிலிருந்தே காற்று கீழிருந்து மேலாக, ஆற்றின் எதிர்த்திசையில் வீசத் தொடங்கும், இரவில்தான் திரும்பும். ஆற்றோடு போகிறவர் மதியம் முழுக்க அதை முகத்தில் வாங்குவார்.

இதற்கும் விலக்கு உண்டு. பள்ளத்தாக்கின் தலைப்பகுதி மட்டும் செங்குத்தாக இருக்கும். கிரேட் அலிகேனி பாசேஜில் கம்பர்லாண்டிலிருந்து கிளம்பினால் நீர்ப்பிரிமுகடு வரை 38 கி.மீ.யில் 545 மீட்டர் ஏறவேண்டும். பிட்ஸ்பர்க்கிலிருந்து வந்தால் அதே முகட்டுக்கு ஏறக்குறைய 200 கி.மீ. பரப்பில் மெல்ல ஏறலாம். பிரான்சின் லுவார் போன்ற அகன்ற சமவெளி ஆறுகளில் பள்ளத்தாக்குக் காற்று எடுபடாது, அந்த நாட்டின் பொதுக்காற்றுதான் பேசும். அங்கே அது மேற்கிலிருந்து, கடல் பக்கமிருந்து வருகிறது. அங்கேயும் ஆற்றை எதிர்த்துப் போவதே சுகம்.

ஆக இப்போதெல்லாம் கீழ்முனையில் தொடங்குகிறேன். விடிகாலையில் குளிர்காற்று பள்ளத்தில் தேங்கி, படுகையெல்லாம் மூடுபனியாக இருக்கும். அந்த நேரத்துக்கு மேட்டூர் ஒன்றை வைத்துக்கொள்வேன். ஏறும்போதே பனிக்கு மேலே வந்துவிடலாம். இறங்கி ஆற்றோரம் வந்து சேரும்போது பதினொரு மணி ஆகியிருக்கும், காற்று முதுகில் இருக்கும்.